பிணை கிடைத்து 23 நாளாகியும் பிள்ளை உள்ளே இருக்கிறான்: கையெழுத்து வைக்க ஆள் இல்லை

தையல்கார அக்கா (கொழும்பு, கொட்டாஞ்சேனை) கேட்கிறார்:

என் அக்காவின் மகனுக்கு வயது 19. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக் களஞ்சியத்தில் மூட்டை இறக்கும் நாட்டாமை வேலை. போன மாதம் நான்கு கட்டுத் துணி குறைகிறது என்று முதலாளி பொலிஸில் முறைப்பாடு செய்தார். களஞ்சியத்துக்குள் போய் வருகிறவர்கள் மூவர்: கணக்குப்பிள்ளை, முதலாளியின் உறவுக்காரப் பையன், எங்கள் பிள்ளை. மூவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்ற இருவரும் அன்று விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவனுக்குச் சிங்களம் பேசத் தெரியாமல் இருக்குமா? வாசிக்கத்தான் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டான்.

நீதவான் இரண்டாவது தவணையிலேயே பிணை கொடுத்தார். 10,000 ரூபா காசுப்பிணை, தலா இரண்டு லட்சம் ரூபாவில் இரண்டு சரீரப்பிணை, அதாவது அவனுக்காகக் கையெழுத்து வைக்க இரண்டு ஆட்கள். தோட்டை அடகு வைத்துக் காசைக் கட்டிவிட்டேன். ஆள்தான் கிடைக்கவில்லை. நான் நிற்கிறேன் என்றால் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டுமாம். ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருந்து சட்டை தைக்கிறேன். என் பெயரோ வாக்காளர் இடாப்பில் இன்னும் மலையகத்துக் கொட்டகலையில் கிடக்கிறது. இங்கே பதியலாம் என்றால் வீட்டுக்காரர் விடமாட்டார்; பதிந்தால் வீட்டுக்கு உரிமை கேட்டுவிடுவேனாம். ஒரு மேசையும் தையல் மெஷினும் வைத்தால் கால் நீட்ட இடமில்லாத அறை அது!

அன்றைக்கு அதே நீதிமன்றத்தில் ஒரு காசோலை மோசடி வழக்கும் இருந்தது. தொகை கோடிக்கணக்கில். அவருக்குப் பிணை நிற்க ஆறு பேர் சட்டை கசங்காமல் வந்து காத்திருந்தார்கள். தேவைப்பட்டது மூவர்தான், மற்ற மூவரும் சும்மா திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவரை இரவல் கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

எங்கள் பிள்ளை எடுத்தானா இல்லையா என்று இன்னும் எவரும் விசாரிக்கவில்லை. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பழைய முதலியார் எழுதுகிறார்:

பிள்ளை, நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களை முதலியார் என்றுதான் அழைப்பார்கள்; பெயரில் இருக்கும் கனம் சம்பளத்தில் இருந்ததில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சரீரப்பிணைக்கு எவரும் இரண்டு லட்சத்தைக் கொண்டுவந்து கட்டத் தேவையில்லை. முறியில், அதாவது பொறுப்பேற்கும் பத்திரத்தில், கையெழுத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளை தவணைக்கு வராமல் போனால்தான் அந்தத் தொகைக்கு அவர்கள் பொறுப்பு. பாதிப் பேர் பணம் கட்ட வேண்டும் என்று நினைத்தே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அயலவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, நிபந்தனையை மாற்றக் கேட்கலாம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஆட்பிணை இல்லாமல் சொந்த முறியில் விடுவதற்கும் அதில் இடம் இருக்கிறது. சட்டத்தரணி ஒருவர் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் கேட்கும் மனு) போட்டு, 'பிணை கிடைத்தும் ஆள் இல்லாததால் இத்தனை நாளாக உள்ளே இருக்கிறான். ஒரு பிணையாளியோடு விடுங்கள்' என்று கேட்க வேண்டும். கேட்காமல் எந்த நீதவானும் தானாகக் குறைத்து நான் பார்த்ததில்லை. அவருக்கு முன்னால் ஒரு காலையில் குவிந்து கிடக்கும் கோப்புகளைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வருமானத்தைப் பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். வழக்கு இலக்கம் எழுதிய துண்டை மறந்துவிட்டுப் போகாதீர்கள், அது இல்லாமல் போய் வெயிலில் திரும்பி வந்தவர்கள் ஏராளம்.

வாக்குமூலம் பற்றியும் அந்தச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். கொழும்பில் நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில்தான் இருக்கும். ஆனால் தமிழில் பேசவும், நடப்பதை மொழிபெயர்த்துக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. பையனுக்குச் சிங்களம் 'கொஞ்சம் தெரியும்' என்று எவரும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை பேரைக் கவிழ்த்தது என்பதைக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

வாசலில் நின்று 'பிணைக்கு ஆள் வேண்டுமா' என்று காதுக்குள் கேட்பவர்கள் பக்கமே போக வேண்டாம். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் இருக்கிற வழக்கோடு இன்னொரு வழக்கும் வந்து சேரும்.

மெயின் வீதிக் கடைக்காரன் எழுதுகிறார்:

கேட்கக் கசக்கும், ஆனாலும் சொல்கிறேன். நான்கு கட்டுத் துணி என்பது சின்னக் கடைக்கு ஒரு மாத இலாபம். என் கடையிலும் போயிருக்கிறது. முறைப்பாடு செய்தேன், எதுவும் திரும்பி வரவில்லை. ஏழை என்றதும் கடைக்காரன்தான் வில்லன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் நடைபாதையில் ரிப்பன் விற்றவன்.

ஆனால் மூவரைக் கொண்டுபோய் இருவரை அன்றைக்கே விட்டது சரியில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளவத்தை மாணவன் எழுதுகிறார்:

நான்கு கட்டுத் துணிக்கு 23 நாள். 2023 நவம்பர் 14ஆம் திகதி நாட்டின் பொருளாதார நெருக்கடிக்கு முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்படச் சிலர் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது, மனுதாரர்களுக்குத் தலா 150,000 ரூபா வழக்குச் செலவு. அக்காவின் பிள்ளைக்குப் போட்ட ஒரு சரீரப்பிணை அதைவிடப் பெரிய தொகை.

பழைய முதலியார்:

தம்பி, அது அடிப்படை உரிமை வழக்கு, குற்ற வழக்கு அன்று. அதில் எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ஒப்பிடுவதென்றால் சரியான இடத்தில் ஒப்பிடுங்கள். தண்டனை பெற்று நம் சிறைகளுக்குள் போகிறவர்களில் பெரும் பங்கினர் அபராதம் கட்டக் காசு இல்லாமல் போகிறவர்கள். அதே குற்றம், அதே அபராதம். காசு இருந்தவன் கட்டிவிட்டுப் பஸ் ஏறுகிறான். நான் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்ன வாக்கியங்களிலேயே அதிக தடவை சொன்னது, 'கட்டத் தவறினால் இத்தனை மாதம்' என்பதுதான்.

தையல்கார அக்கா:

ஐயாவுக்கு நன்றி. புதுக்கடைக்குப் போனேன். துண்டைக் கொண்டுபோனேன். வருகிற வியாழக்கிழமை நகர்த்தல் பத்திரம் போடுவதாகச் சொன்னார்கள். காசு கட்டத் தேவையில்லை என்று விளக்கிய பிறகு, மாநகர சபையில் வேலை செய்யும் மேல்மாடி அண்ணன் கையெழுத்து வைக்கச் சம்மதித்துவிட்டார். அவருடைய மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த அக்காவுக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன், கூலி கேட்கவில்லை.

கடைக்கார அண்ணா, கோபமில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேற்றுச் சோற்றுப் பார்சலோடு பார்க்கப் போனபோது பிள்ளை கேட்டது வழக்கைப் பற்றி அன்று. பிடித்துக்கொண்டு போன கிழமையில் ஐந்து நாள் வேலை செய்திருக்கிறானாம். அந்தக் கூலியை முதலாளி கொடுத்துவிட்டாரா என்று கேட்டான். அங்கே நான் போய்க் கேட்டால் தருவார்களா, அல்லது அதையும் வழக்கில் சேர்த்துவிடுவார்களா?