ஓ0 கொடுத்தும் ஜிடிபி (GDB) டீபக்கரில் மாறிகள் தெரியவில்லை, அவசரம்

சுண்டக்காய்: டெர்மினலில் சி++ கம்பைலருக்கான ஆப்ஷன்களைத் தரும் சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸை (CXXFLAGS) "-ஓ0 -ஜி" (ஆப்டிமைசேஷன் வேண்டாம், டீபக் தகவல் வேண்டும்) என்று எக்ஸ்போர்ட் செய்துவிட்டுத்தான் பில்டு செய்கிறேன். ஆனாலும் ஜிடிபியில் எந்த மாறியைக் கேட்டாலும் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்றே வருகிறது. வரி எண்கள் சரியாக இருக்கின்றன. யாராவது சொல்லுங்கள்.

கரிசல்காடு: எந்த பில்டு கருவி, மேக்கா சிமேக்கா? எந்த கம்பைலர், ஜிசிசியா கிளாங்கா?

ஆலமரம்: மேக்ஃபைல்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். உள்ளே சமக்குறி போட்டு சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ் எழுதியிருந்தால், எக்ஸ்போர்ட் செய்தது தோற்றுவிடும். மேக் கட்டளையோடு சேர்த்துக் கொடுங்கள், அது இரண்டையும் மிஞ்சும்.

சுண்டக்காய்: கொடுத்துப் பார்த்தேன், மாற்றமே இல்லை.

பழையகணக்கு: கம்பைலர் ஓடிய வரியை ஒட்டாமல் உதவி கேட்பதை இன்னும் எத்தனை இழையில் பார்ப்பது? இதுகூடத் தெரியாமல் ஜிடிபியைத் தொடக் கூடாது. வெர்போஸ்=1 போட்டு மேக் ஓட்டி, வருவதை இங்கே ஒட்டுங்கள்.

சுண்டக்காய்: சிமேக், ஜிசிசி. வரியில் இருப்பது: -ஓ0 -ஜி -ஓ3 -டிஎன்டீபக்

கரிசல்காடு: அப்படியானால் உங்கள் ஓ0 போய்ச் சேர்ந்திருக்கிறது, பின்னால் வந்த ஓ3 (அதிக ஆப்டிமைசேஷன்) அதை அடித்துவிட்டது. ஓ பல முறை வந்தால் ஜிசிசி கடைசியைத்தான் எடுக்கும். -ஜிக்குப் போட்டியாக எதுவும் வராததால் வரி எண்கள் பிழைத்தன. சிமேக் முதலில் பொது ஃப்ளாக்ஸை வைக்கும், அப்புறம் பில்டு டைப்புக்கு உரியதை, அதற்கும் பிறகு டார்கெட்டுக்கென்று எழுதியதை. ஓ3-யும், அசெர்ட்டுகளை அணைக்கும் என்டீபக்கும் ரிலீஸ் டைப்பின் வழக்கமான ஜோடி. யாரோ உங்கள் சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைலில் ரிலீஸை இயல்பாக வைத்திருப்பார்கள். பில்டு டைப்பை டீபக் என்று கொடுத்து சிமேக்கை மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று, சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸை சிமேக் முதல் முறை மட்டுமே படித்து கேச்சில் எழுதிக்கொள்ளும். பிறகு எக்ஸ்போர்ட்டை மாற்றினால் அந்த பில்டு ஃபோல்டருக்கு அது தெரியவே தெரியாது. சிமேக் எழுதித் தரும் மேக்ஃபைலும் அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை, ஆலமரம் சொன்னது இங்கே பலிக்காததற்கு அதுதான் காரணம்.

ஆலமரம்: சரி, ஆனால் டீபக்குக்கு ஓ0 எதற்கு? டீபக்குக்கென்றே லேசாக ஆப்டிமைஸ் செய்யும் ஓஜி (-Og) இருக்கிறதே, ஜிசிசி கையேடே அதைத்தானே பரிந்துரைக்கிறது.

பழையகணக்கு: கையேட்டை மட்டும் படித்தவர் பேச்சு. ஓஜியிலும் மாறிகள் காணாமல் போகும், ஜிசிசி 4.8-இல் அது வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

ஆலமரம்: ஓ0-வில் என் புரோகிராம் ஊர்கிறது, பிழை வரும் இடத்துக்குப் போகவே அரை மணி நேரம் ஆகிறது. அதற்கு ஓஜி எவ்வளவோ மேல்.

சுண்டக்காய்: டீபக் கொடுத்தேன், மாறிகள் தெரிகின்றன. நன்றி.

பழையகணக்கு: ஆலமரம், மெதுவாக ஓடும் ஃபைலை மட்டும் ஓ2-வில் கம்பைல் செய்யுங்கள், மற்றதெல்லாம் ஓ0-விலேயே இருக்கட்டும்.