நாவாந்துறையில கலியாணம் கட்டினவன் எந்த ரீமுக்குக் கை தட்டுறது?

சாவகச்சேரிப்பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் விசர்க் கேள்விதான், சிரிக்காமப் பதில் சொல்லுங்கோ. நான் தென்மராட்சி ஆள், சின்னனில இருந்தே கிரிக்கெட்தான், மாசி பங்குனியில சென்றல் – சென் ஜோன்ஸ் கல்லூரியளின்ர பிக் மச் பாக்கப் போறதைத் தவிர வேற மைதானப் பக்கம் தலை வச்சும் படுத்ததில்லை. போன வருசம் நாவாந்துறையில கலியாணம் கட்டினன். மாமா அந்த ஊர்ச் சென் மேரிஸ் உதைபந்தாட்டக் கழகத்து ஆள், இளந்தாரியா இருக்கேக்க பின்வரிசையில விளையாடினவராம், இப்பவும் சுவரில மாதா படத்துக்குப் பக்கத்தில ரீம் போட்டோ தொங்குது. மாமின்ர சகோதரங்கள் மூண்டு பேரும் அதே ஊரின்ர மற்றக் கழகம், சென் நீக்கிலஸ். வீடு வேலை நகை எல்லாம் கதைச்சவை, இதை மட்டும் ஒருத்தரும் கதைக்கேல்லை.

வாற ஞாயிறு ரெண்டு ரீமும் தோத்தா வெளிய போற விலகல் முறைப் போட்டி ஒண்டில சந்திக்குது, வெளியூர்க் கிறவுண்டில. மாமா "தம்பி வாறீர்தானே" எண்டு கேட்டார், ஓம் எண்டன். அரை மணித்தியாலம் போகேல்லை, மனிசின்ர பெரிய மாமா போன் எடுத்து "மருமோன், எங்கட பட்டா லொறியில ஒரு இடம் வச்சிருக்கு" எண்டார், அதுக்கும் ஓம் எண்டிட்டன். இப்ப நான் எங்க நிக்கிறது? நடுவில நிண்டு ரெண்டு பக்கத்துக்கும் கை தட்டினாச் சரிவருமோ? மற்றது இந்த லீக் கணக்கும் எனக்கு விளங்கேல்லை, யாழ்ப்பாண லீக் எண்டுறியள் வலிகாம லீக் எண்டுறியள், ஒரே மாவட்டந்தானே.

குருநகர் அலை:
தம்பி, நடு எண்டொரு இடம் எங்கட ஆக்களிட்ட இல்லை. ரெண்டு பக்கத்துக்கும் கை தட்டினா ரெண்டு பக்கமும் சேந்து உம்மைத்தான் பாப்பினம்.

விசயம் என்னெண்டா உது கிளப் இல்லை, கோயில். சென் மேரிஸ், சென் நீக்கிலஸ், பாசையூர் சென் அன்ரனிஸ், பேரைப் பாரும், எந்தக் கோயில் மணி கேட்டு வளந்தனியோ அதுதான் உன்ர ரீம், தெரிஞ்செடுக்கிற வேலையே இல்லை. எங்கட குருநகர்ப் பாடும்மீன் கழகந்தான் கொஞ்சம் வேற மாதிரி, பாடும்மீன் எண்டா உலகத்துக்கே மட்டக்களப்பு வாவிதான் ஞாபகம் வரும், அந்தப் பேர் குருநகருக்கு எப்பிடி வந்தது எண்டு ஆளுக்கொரு கதை சொல்லுவினம், நான் ஒண்டையும் நம்பிறேல்லை. மச் எண்டா அண்டைக்குத் தொழிலுக்குப் போற ஆளும் குறைவு, போனவையும் வேளைக்குக் கரைக்கு வந்திடுவினம்.

சண்டைக்குள்ள சாமான் வர விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில பந்துக்குப் பிளாடர் கிடையாது, சைக்கிள் கடையில ரியூப்புக்கு ஒட்டுற மாதிரி ஒட்டி ஒட்டி அடிச்சம், ஒட்டுக் கூடினாப் பந்து நேராப் போகாது, எங்கட கோணர் கிக் எல்லாம் வளைஞ்சதுக்குக் காரணம் திறமை எண்டு சனம் நினைச்சது. அப்ப எங்கட கோல்போஸ்ற்றுக்குப் பின்னால ஒரு ஆச்சி குந்தியிருந்து செபமாலை சொல்லுவா. மற்ற ரீமுக்குப் பெனால்ரி கிடைச்சா மட்டும் செபத்தை நிப்பாட்டிப்போட்டு அடிக்கிறவனைத் தூசணத்தில ஏசுவா, அவன் வெளியில அடிச்சாப் பிறகு விட்ட மணியில இருந்து திரும்பத் தொடங்குவா. உமக்கு இடம் வேணுமெண்டா அப்பிடி ஒரு ஆச்சிக்குப் பக்கத்தில இரும், ஒருத்தரும் கிட்ட வராயினம்.

ஊரெழு செம்மண்:
அலை அண்ணை எப்பவும் உப்பிடித்தான், யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டம் எண்டாக் கரையோரம் மட்டும் எண்ட மாதிரிக் கதைப்பார். ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் எல்லாம் என்ன கிட்டிப்புள்ளோ அடிக்கினம்? உங்களுக்கு மணல், விழுந்தாத் தட்டிப்போட்டு எழும்புவியள். எங்கட செம்மண்ணில சறுக்கினா முழங்கால் தோல் அங்கயே நிக்கும், வெள்ளைக் காற்சட்டை ஒருக்காச் சிவந்தாப் பிறகு அம்மா எத்தினை தரம் தோய்ச்சாலும் சிவப்புத்தான்.

சாவகச்சேரித் தம்பி, லீக் கணக்கு லேசு. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குக் கீழ மாவட்டத்துக்கு ஒண்டு எண்டு இல்லை, இடத்துக்கு ஒண்டு, யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை, தீவகம், மருதங்கேணி எண்டு. கழகம் எந்த லீக்கில பதிஞ்சிருக்கோ அதுக்குள்ளதான் முதல் அடிபடும். நாவாந்துறை யாழ்ப்பாண லீக், நாங்கள் வலிகாமம். ஆனா சனம் அள்ளுப்படுறது லீக் மச்சுக்கு இல்லை, ஊர்க் கழகங்கள் வைக்கிற ஞாபகார்த்தக் கிண்ணங்களுக்கு. செத்துப்போன ஆற்றையோ பேரில வைப்பினம், 7 பேர், 9 பேர், 11 பேர் எண்டு ஊருக்கொரு சட்டம், மின்னொளி வேற. 2023 ஜனவரியில உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் ஃபீபா இலங்கையைத் தடை செய்து ஓகஸ்ட் மட்டும் வச்சிருந்ததே, எங்கட ஒழுங்கையில அதைப் பற்றிக் கவலைப்பட்ட ஒருத்தரை நான் காணேல்லை.

பேர் எண்டதும் ஒண்டு ஞாபகம் வருது. பலாலி விண்மீன் எண்டொரு கழகம். 1990இல சண்டையால பலாலிச் சனம் இடம்பெயர்ந்தது, ஊர் உயர் பாதுகாப்பு வலயம் எண்டு வருசக்கணக்கா ஆமியிட்ட, ஆனா மைக்கில "பலாலி விண்மீன்" எண்டுதான் கூப்பிடுவாங்கள். அந்தப் பேரைக் கேக்கேக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும், எதிர் ரீமா நிண்டாலும்.

அலை அண்ணை, வெளியூர்ப் பிளேயர் இறக்கிற பழக்கத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கிறியளில்லை?

குருநகர் அலை:
ஆர் இறக்கேல்லை? உங்கட ஆக்கள் இறக்கேல்லையோ? ஃபைனல் எண்டா எங்க இருந்தோ ஒரு முன்வரிசைக்காரன் ஹயஸ் வானில வந்து இறங்குவான், மூண்டு கோல் அடிச்சுப்போட்டுச் சாப்பாட்டுப் பாசலோட போயிடுவான், ஊர்ப் பெடியன் ஆறு மாசம் விடியப்புறம் ஓடினவன் வாங்கில குந்தியிருப்பான். இது எல்லா ஊருக்கும் பிடிச்ச வருத்தம், நான் என்ர கிளப்பிலயே சண்டை பிடிச்சு இப்ப கூட்டத்துக்குக் கூப்பிடுறதில்லை.

மஞ்சள் ஜேர்சி 10:
அண்ணாமார், பொம்பிளைப் பிள்ளையளும் இந்த ஊரில பந்து உதைக்கினம் எண்டு ஒரு வரி ஆராவது எழுதுவியளோ எண்டு பாத்துக்கொண்டு வந்தன், இல்லை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெட்டையள் தேசிய மட்டத்தில கிண்ணம் எடுத்தவை, நான் படிக்கேக்க பயிற்சி முடிஞ்சு சப்பாத்தோட பஸ்ஸில ஏறினா "பிள்ளை, ஆற்றை சப்பாத்து" எண்டு கேப்பினம். பள்ளிக்கூடம் முடிஞ்சாப் பிறகு விளையாட ஊரில ஒரு கழகம் இருக்கேல்லை, அதோட முடிஞ்சுது. ரெண்டு சப்பாத்தையும் தம்பிக்குக் குடுத்தன், அவனுக்கு அளவில்லை.

கேள்விக்கு வாறன். உங்கட மனிசி எந்த ரீம் எண்டு நீங்கள் எழுதவே இல்லையே? அவவைக் கேட்டனீங்களோ? அவ அந்த ஊரில பிறந்து வளந்தவ, அவவைக் கூட்டிக்கொண்டு போய் அவ நிக்கிற இடத்தில நில்லுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.

ரொறன்ரோ குளிர்:
உங்கட பின்னேரம் நாலு மணி மச் எனக்கு இஞ்ச காலமை ஆறரை. போர்வைக்குள்ள போனை வச்சு லைவ் பாக்கிறன், கமராக்காரர் தயவுசெய்து கோல் விழேக்க துள்ளாதேங்கோ, போன முறை கோல் விழுந்த நேரம் நான் பாத்தது வானமும் ஒரு பனை மரமும்தான். ஜேர்சிக்குக் காசும் அனுப்பினம், முதுகில எங்கட கடைப் பேரை எழுத்துப் பிழையோட அடிச்சிருக்கு. பரவாயில்லை, அடுத்த முறையும் அனுப்புவம்.

ஊரெழு செம்மண்:
தம்பிக்கு ஒரு கடைசி விசயம். ஒரு கோல் வித்தியாசம், கடைசி ஐஞ்சு நிமிசம் எண்டா மோட்டச்சைக்கிளை ரோட்டுப் பக்கம் திருப்பி விடும். ஒருக்கா ஒரு ஊரில, பேர் வேண்டாம், ஓஃப்சைட் எண்டு லைன்மன் கொடி தூக்கினார், கொடியைப் பறிச்சுப் போட்டாங்கள், மனுசன் வெறுங்கையைத் தூக்கிக்கொண்டே நிண்டவர். அண்டைக்கு மச் முடியேல்லை. எனக்குக் கச்சான் வாங்கின மிச்சக் காசும் வரேல்லை.

சாவகச்சேரிப்பெடியன்:
போயிட்டு வந்தாச்சு. முடிவைச் சொல்லமாட்டன், சொன்னா இந்தத் திரெட் பூட்டுப்படும்.

10 அக்கா சொன்ன மாதிரி மனிசியைக் கேட்டன். சிரிச்சுப்போட்டு "அங்க வந்து பாருங்கோவன்" எண்டா. பட்டாவிலயும் ஏறேல்லை, மாமாவோடயும் போகேல்லை, ரெண்டு பேரும் மோட்டச்சைக்கிளில போய்க் கோணர்க் கொடிக்குக் கிட்ட நிண்டம், கையில சோளன். முதல் பாதி முழுக்க ஒரு சத்தமில்லை, சரி இவளும் என்னை மாதிரித்தான் எண்டு நினைச்சன். ரெண்டாம் பாதியில நீக்கிலஸ் பெடியன் ஒருத்தன் எங்களுக்கு முன்னால பந்தை வெட்டி எடுத்துக்கொண்டு போக, இவள் சோளனை என்ர கையில திணிச்சுப்போட்டு "குடுக்காத! குடுக்காத! நீயே அடி!" எண்டு கத்தினாள், மைதானத்தின்ர அந்தப் பக்கம் நிண்ட மாமா திரும்பிப் பாத்தவர். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கேல்லை. சின்ன வயசில பெரிய மாமாதான் தோளில வச்சு மச்சுக்குக் கொண்டு போறவராம், அப்பாவுக்கு இருவத்தாறு வருசமா இது தெரியாதாம்.

இரவு மாமி ஒடியல் கூழ் காச்சினவ. மாமான்ர மூண்டு மச்சான்மாரும் வந்திட்டினம், பனையோலைப் பிளாவோட சுத்தி இருந்து குடிச்சினம். மாமா மகளோட கதைக்கேல்லை, எனக்கு மட்டும் ரெண்டாம் தரம் வார்த்தவர். பிறகு பெரிய மாமா நண்டுக் கோதையும் ரெண்டு பலாக்கொட்டையையும் பாயில வச்சு, அந்த ரெண்டாவது கோல் ஓஃப்சைட் இல்லை எண்டு காட்டத் தொடங்கினார். மாமா ஒண்டும் கதைக்காம விரலால ஒரு பலாக்கொட்டையை மட்டும் அரை அங்குலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்.