எக்ஸ்க்ளூட்: விலக்கா, தவிர்ப்பா, புறனடையா?

அன்பர்களே,
ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) பற்றிய கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. சில கோப்புகளை விட்டுவிட்டு மற்றவற்றை நகலெடுக்கும் பாடம் ஒன்று அதில் இருக்கிறது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கட்டளையில், 'இதை எடுக்காதே' என்று சொல்ல வரும் 'எக்ஸ்க்ளூட்' (exclude) என்பதற்குச் சென்ற முறை 'நீக்கு' என்று எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, "லாக் கோப்புகளை (நிகழ்வுப் பதிவுகளை) நீக்கினால் மூலத்திலேயே அழிந்துவிடுமா?" என்று கேட்டார். அதன்பிறகு என்டர் விசையைத் தொடவே பலர் தயங்கினார்கள். வேறு சொல் தாருங்கள்.
— க.

க. அவர்களுக்கு,
புறனடை இருக்க வேறு சொல் எதற்கு? தொல்காப்பியத்தில் பல இயல்கள் புறனடை நூற்பாவோடுதான் முடிகின்றன. சூத்திரத்துக்குப் புறத்தே நடப்பது புறனடை. வினையாக வேண்டுமென்றால் 'ஒழி'. 280ஆம் குறளில் வள்ளுவர் 'பழித்தது ஒழித்து விடின்' என்பது விட்டுவிடுதலைத்தான். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலத்தில், முன்னே விடுபட்டவற்றைச் சொல்லும் ஒழிபியலையும் பாருங்கள்.
— செ.

செ. ஐயா,
'ஒழி' என்று அச்சிட்டால் அந்த மாணவி வகுப்பை விட்டே ஓடிவிடுவார். புறனடையோ இயலின் கடைசியில் வருவது. ஆர்சிங்க்கில் முதலில் பொருந்தும் விதியே செல்லும். எல்லா லாக் கோப்புகளையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமானால், அந்த ஒன்றுக்கான விதியை முன்னால் எழுத வேண்டும். தொல்காப்பியர் முறையில் கடைசியில் எழுதினால் கோப்பு வந்து சேராது!
என் வாக்கு 'தவிர்' என்பதற்கு.
— ம.

'தவிர்' இருபுறமும் வெட்டும். 'இதைத் தவிர இன்னொன்றும் உண்டு' என்றால் இதுவும் சேர்த்திதானே? இலக்கணத்தில் விதிக்கு எதிர் விலக்கு. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. ஏவலும் அதுவே, பெயரும் அதுவே.
இன்னொன்று. மூலத்தில் இல்லாதவற்றை இலக்கில் (நகல் போய்ச் சேரும் இடத்தில்) அழிக்கும் 'டிலீட்' விருப்பத்தைச் சேர்த்தாலும், விலக்கிய கோப்பு அந்த இலக்கில் ஏற்கெனவே இருந்தால் ஆர்சிங்க் அதை அழிக்காது. அதையும் அழிக்க 'டிலீட் எக்ஸ்க்ளூடட்' என்று தனியே சொல்ல வேண்டும். 'விலக்கியவற்றையும் அழி' என்று எழுதிப் பாருங்கள். 'நீக்கியவற்றையும் நீக்கு' என்றால் யாருக்குப் புரியும்?
— த.

த. அவர்களே, 'விலக்கு' என்றால் எனக்கு வரிவிலக்கும் மதுவிலக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று சலுகை, மற்றொன்று தடை. இதில் நம் லாக் கோப்பு எந்தப் பக்கம்?
— ம.

அன்பர்களே, அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். 'விலக்கு' என்றே அனுப்புகிறேன். செ. ஐயா கோபிக்க வேண்டாம். சொல்லடைவில் 'புறனடை' அடைப்புக்குறிக்குள் இருக்கும்.
— க.

அடைப்புக்குறிக்குள் போடுவதும் விலக்குவதுதான். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.
— செ.