அப்பாவின் கால் புண்ணுக்கு வேக் மெஷின்: வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 64 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. இடது குதிகால் புண் நான்கு மாதமாக ஆறவில்லை. அழுகிய சதையை எடுத்துவிட்டுப் போன வாரம் வேக் (VAC) மெஷின், அதாவது புண்ணிலிருந்து நீரை உறிஞ்சி ஆற உதவும் கருவி, வைத்தார்கள். புண்ணுக்குள் கறுப்பு ஸ்பாஞ்ச், மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக், 125 mmHg அழுத்த அளவில் உறிஞ்சல். கசிகிற நீர் குழாய் வழியே டப்பாவில் இறங்குகிறது. நேற்றுப் பிரித்தபோது, வெளிறிக் கிடந்த இடத்தில் மாதுளை முத்து போலப் புதுச் சதை! அழுதே விட்டேன்.

இனி வீட்டிலேயே தொடரலாம் என்கிறார் டாக்டர். மதுரையில் மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா? இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்ச் மாற்ற வீட்டுக்கே வரும் நர்ஸ் யாராவது உண்டா? ராத்திரி காற்று கசிந்து அலாரம் அடித்தால் என்ன செய்தீர்கள்? அப்புறம், குதிகால் தரையில் படவே கூடாதாம். பாத்ரூமுக்கு எப்படிக் கூட்டிப் போனீர்கள்?