கலைச்சொல்: ‘டிபி’ என்பது மெய்யளவுப் புள்ளியா, வரைபுள்ளியா?

வணக்கம்.

கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் பலர் சேர்ந்து ஒரே படத்தை வரையும் செயலிகளுக்கான சொற்பட்டியலில் ‘டிபி’ (dp: ஆண்ட்ராய்டு செயலிகளில் திரையில் வரைவதை அளக்கும் அலகு) இன்னும் தீராமல் நிற்கிறது. ‘சாதனம் சாராப் படப்புள்ளி’ (படப்புள்ளி என்றால் பிக்சல்) பொருளில் சரிதான். ‘24 சாதனம் சாராப் படப்புள்ளி’ என்று யார் எழுதுவார்? ஆண்ட்ராய்டில் 160 டிபி ஓர் அங்குலம் என்பதால் ‘மெய்யளவுப் புள்ளி’ என்கிறேன்.

*

வணக்கம் அண்ணா.

‘மெய்யளவு’ வேண்டாம். அந்த 160 ஏட்டுக் கணக்கு. திரையின் அடர்த்தியை, அதாவது அங்குலத்துக்கு எத்தனை படப்புள்ளி என்பதை, ஆண்ட்ராய்டு 160, 240, 320, 480 போன்ற ஏதோ ஒரு படியில் சேர்த்துவிடும். அங்குலத்துக்கு 420 படப்புள்ளி உள்ள திரை 480 படியில் சேர்ந்தால் 160 டிபி 29 மி.மீ. வரும், 25.4 அல்ல. ஆண்ட்ராய்டு 7 முதல் ‘டிஸ்ப்ளே சைஸ்’ அமைப்பை மாற்றினாலே போதும், அதே கைப்பேசியில் டிபியின் அளவு மாறிவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் டேப்லெட்டில் வரைந்த கொலுசுத் தொங்கல் சரியாக ஓர் அங்குலம் என்று வையுங்கள். சொல்லை நம்பி டிபியிலேயே அனுப்பினால், ஏற்காட்டிலுள்ள வாடிக்கையாளரின் கைப்பேசியில் அது 29 மி.மீ. தெரியும். ‘பெரிசா இருக்கே’ என்று அவர் ஓர் அங்குலத்துக்குக் குறைப்பார். பட்டறைத் திரைக்கு அது 22 மி.மீ. ஆகத் திரும்பும். அதை வைத்து அச்சு வெட்டினால் கூலி போச்சு.

‘ஈடுபுள்ளி’ என்றும் பார்த்தேன். சேலத்தில் ஈடு என்றால் அடகுக் கடைதான். ‘வரைபுள்ளி’ என்போம்: திரையில் ஒளிர்வது படப்புள்ளி, நிரல் வரையும் அலகு வரைபுள்ளி. ஐபோனில் இதே வேலையைச் செய்யும் ‘பாயின்ட்’ அலகுக்கும் பொருந்தும். 2010-இல் ஐபோன் 4 வந்தபோது படப்புள்ளி 640×960 ஆனது; வரைபுள்ளி பழையபடி 320×480.

*

‘வரைபுள்ளி’ சரி. கணக்குப் பாடத்து ‘வரைபடப் புள்ளி’யோடு குழம்பலாம், ஆனாலும் ‘மெய்யளவு’ போலப் பொய் சொல்லாது. விளக்கத்தில் ‘நீளத்தைக் குறிக்காது’ என்று சேர்க்கிறேன்.

அப்படியானால் சாதனங்களுக்கிடையே அனுப்ப வேண்டியது மி.மீ. சில கைப்பேசிகள் தம் திரை அடர்த்தியையே தவறாகச் சொல்லும். ஏடிஎம் அட்டையைத் திரையில் நீளவாக்கில் வைத்து 85.6 மி.மீ. கோட்டை அதற்குப் பொருத்தச் சொல்வதுதான் நம்பகம். மி.மீ. இல்லாமல், திரையின் அகலம் 1, உயரம் 1 என்று வைத்து விகிதமாக அனுப்பினால் 9:20 கைப்பேசியில் போட்ட வட்டம் 4:3 டேப்லெட்டில் நீள்வட்டமாகும். கிடை அளவு, நெடுக்கு அளவு இரண்டையும் திரையின் அகலத்தாலேயே வகுக்க வேண்டும்.

பட்டியலில் யாரோ ‘டென்சிட்டி பக்கெட்’ என்பதை ‘அடர்த்தி வாளி’ என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன ‘படி’யை எடுத்து ‘அடர்த்திப் படி’ என்று திருத்திவிடுகிறேன்.