முன்வாசலில் சாய்தளம், பின்வாசலில் ஐந்து படி

கணக்குப் பிரிவு ஊழியர்:
தங்கும் விடுதி, பயண முகமை, விமான நிலையம் என்று சுற்றுலாத் துறையில் எங்காவது வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களோடு வேலை பார்ப்பவர்களும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். என்னுடையதில் தொடங்குகிறேன்.

நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். நேர்காணலுக்குப் போன அன்று விடுதியைப் பார்த்து அசந்துபோனேன். வாசலில் சாய்தளம், தானாகத் திறக்கும் கதவு, வரவேற்புக் கூடத்தில் கைப்பிடி வைத்த கழிவறை. இனி கவலையில்லை என்று நினைத்தேன். வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அதெல்லாம் விருந்தினருக்கு. ஊழியர்கள் பின்வாசலில் வர வேண்டும். அங்கே ஐந்து படி. ஏறிப்போனால் வருகைப் பதிவு இயந்திரம், நிற்பவரின் தோள் உயரத்தில். லாக்கர் அறைக் கதவு என் நாற்காலியைவிடக் குறுகல்.

"நீங்கள் முன்வாசலிலேயே வந்துவிடுங்கள்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் காவலர் மாறும்போதெல்லாம் என்னை நிறுத்தி, "ஸ்டாஃப் இந்த வழியாக வரக்கூடாதே" என்பார். ஒவ்வொரு முறையும் விளக்கம். மூன்று மாதத்தில் அலுத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பின்பக்கம் ஏற்கெனவே ஒரு சரிவு இருந்தது. சலவைத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக. அழுக்குத் துணிக்கு வழி உண்டு, எனக்கு இல்லை! அதில் ஏறிப் பார்த்தேன். நாற்காலி பின்பக்கம் சாயத் தொடங்கியது. சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அந்த இடத்தின் உயரம் 75 செ.மீ., அப்படியானால் 9 மீட்டர் நீளம் வேண்டும். இருந்தது 4 மீட்டர். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டிய பிறகுதான் வேலை நகர்ந்தது. இப்போது நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் வண்டி தள்ளுபவர்கள்.

முன்பதிவு மையத்தில் இருப்பவர்:
எனக்குப் பார்வை இல்லை. தொலைபேசியில் அறை பதிவு செய்யும் வேலை. எனக்குப் படியெல்லாம் பிரச்சினையே இல்லை, மென்பொருள்தான் பிரச்சினை. அறை காலியா இல்லையா என்பதைச் சிவப்பு, பச்சைக் கட்டங்களால் மட்டும் காட்டினால் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் எதைப் படிக்கும்? "கட்டம், கட்டம், கட்டம்" என்று படிக்கும். அதே விவரத்தைப் பட்டியலாகத் தரும் ஒரு பக்கம் உள்ளே ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு நிம்மதியாக வேலை செய்தேன்.

அப்புறம் ஒரு நாள் இரவோடு இரவாக அப்டேட் வந்து அந்தப் பக்கமே காணாமல் போனது. மறுநாள் காலை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரைவாசிப்பானுக்குச் செலவாகும் என்று யாரும் சொல்ல முடியாது, என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. நான் கேட்பதெல்லாம், மென்பொருளை வாங்கும் முன் என்னிடம் அரை மணி நேரம் கொடுங்கள் என்பதுதான்.

ஹவுஸ்கீப்பிங்:
எனக்குக் காது கேட்காது. நேர்காணலில் சைகை மொழி பெயர்ப்பாளர் இல்லை. அண்ணன் துணைக்கு வந்தார், கேள்வியையெல்லாம் அவரிடமே கேட்டார்கள். வேலை அவருக்கா எனக்கா என்று எழுதிக் காட்டினேன். சிரித்தார்கள், ஆனால் அதன் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்கள்.

அறையைத் தட்டினால் உள்ளிருந்து பதில் வருவது எனக்குத் தெரியாது. அதனால் விருந்தினர் வெளியே போன அறைகளின் பட்டியல் முதலில் எனக்கு வரும். ஆள் இருக்கும் அறைக்குத் தோழியோடு போவேன். வாக்கி டாக்கிக்குப் பதில் குறுஞ்செய்தி. இது ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

பயந்தது தீயணைப்பு ஒத்திகை அன்று. காது கேளாத விருந்தினர் அறையில் தீ எச்சரிக்கை மணி அடிக்கும்போது மின்னும் விளக்கு இருக்கிறது. துணி அறையில் இல்லை. எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை என்பதால் இதை எழுதுகிறேன். இப்போது துணி அறையிலும் ஊழியர் கழிவறையிலும் விளக்கு வைத்துவிட்டார்கள்.

மனிதவளப் பிரிவில் இருப்பவர்:
கொஞ்சம் கூச்சத்தோடு எழுதுகிறேன். "எட்டு மணி நேரம் நிற்கக்கூடியவராக இருக்க வேண்டும்" என்று வரவேற்பு மேசை வேலைக்கு விளம்பரம் எழுதியவன் நான். செயற்கைக் கால் பொருத்திய ஒருவர் வந்து, "இந்த வேலையில் எந்தப் பகுதியை நின்றுகொண்டே செய்ய வேண்டும், சார்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உயரமான நாற்காலி ஒன்று போட்டோம்.

ஐ.நா. 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். எங்கள் துறைக் கூட்டங்களில் அதன் 30-வது பிரிவை அடிக்கடி சொல்வார்கள். அது பொழுதுபோக்கு, சுற்றுலா பற்றியது, அதாவது வாடிக்கையாளர் பற்றியது. வேலை பற்றிய 27-வது பிரிவை யாரும் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று 2-வது பிரிவு சொல்கிறது. மேலே கணக்குப் பிரிவு நண்பர் எழுதிய பின்வாசல் கதை எனக்குப் புதிதல்ல. எங்கள் கட்டடமும் அப்படித்தான்.

சுற்றுலா வழிகாட்டி:
என் குறை வெளியே தெரியாது. எனக்கு வலிப்பு வரும், தூக்கம் கெட்டால் அதிகம் வரும். சீசனில் இரவுப் பயணம் முடித்து விடியற்காலையில் அடுத்த குழுவை அழைத்துப் போகச் சொல்வார்கள். இரண்டு வருடம் மறைத்தே ஓட்டினேன். பேருந்திலேயே ஒரு முறை வந்த பிறகு சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பகல் வேலை மட்டும் என்று மாற்றிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் இரவுப் பயணத்தில்தான் கூடுதல் படித்தொகை. அது போய்விட்டது. உடம்புக்கு ஏற்ற நேரம் கேட்டால் சம்பளம் குறைவது எந்த ஊர் நியாயம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை. இதனாலேயே சொல்லாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

கணக்குப் பிரிவு ஊழியர்:
வழிகாட்டி நண்பரே, நிர்வாகத்திடம் கேட்டு எழுதும்போது 27-வது பிரிவையும் சேர்த்துவிடுங்கள். சம மதிப்புள்ள வேலைக்குச் சமமான ஊதியம் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் நிலைமைக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டு வைக்கலாம்.

என் பக்கம் மிச்சம் ஒன்று உண்டு. ஊழியர் கேன்டீன் கீழ்த்தளத்தில் இருக்கிறது, லிஃப்ட் அங்கே போகாது. யாராவது ஒருவர் தன் தட்டோடு என் தட்டையும் மேலே கொண்டுவந்து என் மேசையில் சாப்பிடுவார். முறைவைத்து வருகிறார்கள், பாவம். நாளை அளவெடுக்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வதாக இருக்கிறேன்.