பங்குனியில் கேட்க வேண்டியவை: வன்னியிலிருந்து ஒன்ராறியோவுக்குப் படிக்கப் போனவர்களுக்கு

தை (ஜனவரி) மாதத்தில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் படிக்கப் போன கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: வந்து இரண்டு மாதமாகிறது, வேலை இல்லை, கொண்டுவந்த காசு கரைகிறது, யாரிடம் போய்க் கேட்பது? நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் படித்து, அங்கேயே சில காலம் வேலை செய்து, இப்போது அப்பாவின் சுகவீனம் காரணமாகப் பரந்தனில் வந்து நிற்கிறேன். இங்கே காலபோக நெல் வெட்டி முடிந்து, இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீருக்குச் சிறுபோகம் எத்தனை ஏக்கர் செய்யலாம் என்ற பேச்சு நடக்கிற இதே நேரத்தில்தான் அங்கே பனி உருகத் தொடங்கும். என்னுடைய பதில் இதுதான்: சொந்தக்காரரையும் ஊர்க்காரரையும் கேட்பதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தையே கேளுங்கள், அதையும் ஏப்ரல் பரீட்சை தொடங்குவதற்கு முன் கேளுங்கள். கோடைகாலத்துக்கான வளாக வேலைகள் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் அறிவிக்கப்படுகின்றன; பரீட்சை முடிந்த பிறகு தேடுபவருக்கு மிஞ்சுவது குறைவு.

வேலை விடயத்தில் இரண்டு விதிகளைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். வளாகத்துக்கு வெளியே, படிப்பு நடக்கும் காலத்தில், வாரத்துக்கு 24 மணித்தியாலம் வரைதான் வேலை செய்யலாம். 2024 நவம்பர் 8ஆம் திகதி முதல் இதுவே கணக்கு. வளாகத்துக்கு உள்ளே, முழுநேர மாணவராகவும் படிப்பு அனுமதிப்பத்திரத்தில் வேலைக்கான வாசகம் உள்ளவராகவும் இருந்தால், மணித்தியால எல்லை கிடையாது. ஆனால் ஊரிலிருந்து போகும் பலர் நூலக மேசை, மாணவர் விடுதி, உடற்பயிற்சிக்கூடம், ஆய்வுகூடம் போன்ற இடங்களில் மாணவருக்கு வேலை இருக்கிறது என்பதையே அறியாமல், பேருந்தில் ஒன்றரை மணிநேரம் போய்க் களஞ்சியங்களில் பெட்டி தூக்குகிறார்கள். கோடை விடுமுறையில் வெளியே முழுநேரம் வேலை செய்யலாமா என்பதையும் நீங்களாகக் கணக்குப் பார்க்காதீர்கள். உங்கள் பாடநெறியின் நாட்காட்டியில் அது முறையான விடுமுறையாக இருக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் தேவையான சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் எடுக்க எவருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. சேர்விஸ் கனடா என்ற அரசாங்க அலுவலகத்தில் அது இலவசம். உங்களுடையது 9இல் தொடங்கும், அனுமதிப்பத்திரத்தோடு சேர்ந்து காலாவதியாகும், அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது அதையும் புதுப்பிக்க வேண்டும்.

கணக்கில் காட்டாமல் கையில் காசு தரும் கைக்காசு வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வது அனுபவத்தில்தான். என் முதல் பங்குனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வாரம் சட்டி கழுவினேன். முதலாளி நம் ஆள், அதுவும் ஊர் விசாரித்து, "தம்பி" என்று அழைத்து வேலைக்கு எடுத்தவர். சம்பளம் கேட்ட அன்று, "நீ பழகுகிறாய்தானே" என்றார். சம்பளத் துண்டும் இல்லை, கணக்கும் இல்லை. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் முதல் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர் என்பதும், பழகும் காலத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பதும், கொடுக்காதவர் மீது இரண்டு ஆண்டுகளுக்குள் தொழில் அமைச்சில் இலவசமாக முறையிடலாம் என்பதும் இன்று போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை செய்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இலவசமாக உணவுப்பொருள் தரும் உணவு வங்கியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் தவிர்ப்பது அதைத்தான். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்தபோது எனக்குப் பத்து வயது. தண்ணீர்த் தாங்கிக்கும் நிவாரண அரிசிக்கும் வரிசையில் நின்ற ஒருவர், விமானமேறி இன்னொரு நாட்டுக்குப் போய் அங்கேயும் பையோடு நிற்பதா என்று கூசுவது எனக்கு நன்றாக விளங்கும். முதல் நாள் வளாகத்து உணவு வங்கி அறையின் வாசலை மூன்று தரம் கடந்து போனேன். நாலாந்தரம் உள்ளேயிருந்த மாணவியே கதவைத் திறந்துவிட்டார். அவர் கேட்டது மாணவர் அட்டையை மட்டும். எந்த நாடு, எவ்வளவு வருமானம், ஏன் வந்தீர் என்ற விசாரணை எதுவும் இல்லை. மேல் தட்டுகளில் தக்காளித் தகரமும் பாஸ்தாவும் ஓட்ஸும் இருந்தன. கீழ்த்தட்டின் மூலையில் மைசூர்ப் பருப்புப் பைகள் நாலைந்து தூசி படிந்து கிடந்தன. ஒன்றை எடுத்தேன். "இதை எப்படிச் சமைப்பது? ஒருவரும் எடுப்பதில்லை" என்று அவர் கேட்டார். மஞ்சள், உள்ளி, பச்சைமிளகாய், கடைசியில் தேங்காய்ப்பால் என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு துண்டில் எழுதி அந்தத் தட்டிலேயே ஒட்டினார். அடுத்த கிழமை போனபோது பருப்பு முடிந்திருந்தது, எனக்கும் இல்லை! அதன் பிறகு வியாழக்கிழமைகளில் இரண்டு மணிநேரம் நானும் அங்கே தட்டு அடுக்கினேன். இப்படியான அறைகளைப் பெரும்பாலும் மாணவர் சங்கங்களே நடத்துகின்றன. உங்கள் கட்டணப் பட்டியலைப் பாருங்கள், சங்கத்துக்கென்று ஒரு தொகை நீங்கள் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். நகரத்து உணவு வங்கிகள் சில சர்வதேச மாணவரைச் சேர்ப்பதில்லை என்பதால், வளாகத்தில் உள்ளதையே முதலில் தேடுங்கள். வாடகைக்கே வழியில்லை என்ற நிலை வந்தால் அவசர உதவிநிதியைப் பற்றியும் விசாரியுங்கள். ஊரில் காணி உறுதியை ஈடு வைத்து அனுப்பிய அப்பாவிடம் மறுபடி கேட்பதை விட, அந்த விண்ணப்பத்தில் உண்மையை எழுதுவது இலேசு.

வரி விடயம் சுருக்கமானது. கடந்த ஆண்டில் போய் வேலை செய்தவர்கள் ஏப்ரல் 30க்குள் வரிப்படிவம் அனுப்ப வேண்டும்; வேலைத்தலம் தரும் சம்பளப் படிவம் ரி4, பல்கலைக்கழகம் தரும் கல்விக் கட்டணப் படிவம் ரி2202 இரண்டையும் எடுத்துக்கொண்டு, பங்குனியிலும் சித்திரையிலும் பல வளாகங்களில் தொண்டர்கள் நடத்தும் இலவச வரி முகாமுக்குப் போகலாம். வருமானம் இல்லாதவரும் அனுப்புவது நல்லது, கல்விக் கட்டணத்துக்கான வரிச்சலுகை பின்னாளுக்குச் சேரும். இந்தத் தையில்தான் போனவர்களுக்கு இம்முறை படிவம் இல்லை, அடுத்த ஆண்டுதான்.

காய்ச்சல் என்றால் ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களின் சர்வதேச மாணவருக்கு யூஹிப் என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. அது எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்று நோய் வருமுன் வாசியுங்கள், பல்லுக்குப் பெரும்பாலும் வேறு திட்டம். மனம் சரியில்லை என்றால் வளாக ஆலோசகரிடம் நேரம் எடுங்கள். நடு இரவில் தாங்க முடியாவிட்டால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி இலக்கத்துக்கு ஆங்கிலத்தில் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வைகாசி (மே) வரப் போகிறது. முள்ளிவாய்க்காலில் ஆட்களை இழந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மாதத்தில் படிப்பு ஓடாது. அதை விரிவுரையாளரிடம் பரீட்சைக்குப் பிறகு சொல்லாமல் முன்பே சொல்லுங்கள்.

வெயிலைக் கண்டவுடன் குளிர்ச் சப்பாத்தைத் தூக்கி வைக்காதீர்கள். பகலில் உருகும் தண்ணீர் இரவில் கண்ணுக்குத் தெரியாத கட்டியாக உறைந்து கிடக்கும், காலை வகுப்புக்கு ஓடுபவர் விழுவது அதில்தான். மிளகாய், கத்தரி விதை கொண்டுபோக எண்ணாமல் அங்கேயே வாங்கி, இப்போது யன்னல் ஓரத்தில் நாற்றுப் போடுங்கள். வெளியே நடுவது வைகாசிக் கடைசியில், விக்ரோரியா தின விடுமுறையை ஒட்டித்தான். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் ஒரு பண்ணையே இருக்கிறது. நாற்றுமேடை தெரிந்த வன்னிப் பிள்ளையை அப்படியான இடத்தில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. பங்குனி (மார்ச்) இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி அங்கே 3 மணியாகிவிடும். இதுவரை பத்தரை மணிநேரமாக இருந்த வித்தியாசம் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணிநேரம். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் ஒரு மணிநேரம் முந்தி வந்த உங்கள் அழைப்பைத் தவறவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வரவில்லை என்று இங்கே அம்மாமார் படும் பாட்டை நான் இப்போது பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.